அறுவடை நாளில் தவணை வைக்காதீர்கள்

சிறு பண்ணைகளுக்குக் கடன் வழங்கும் நிதி நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சிறு பண்ணை கட்டுப்படியாகாது என்று நீங்கள் சொல்லிக் கேட்டுச் சலித்துவிட்டது. உலகில் 60 கோடிக்கு மேல் பண்ணைகள் இருப்பதாகவும், அவற்றில் ஏறத்தாழ 84 சதவீதம் இரண்டு ஹெக்டேருக்குக் குறைவானவை என்றும் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் ஆய்வு ஒன்று 2021-இல் கணக்கிட்டது. அந்தச் சிறு விவசாயிகள் கையில் இருப்பது விளைநிலத்தில் சுமார் 12 சதவீதம். அதிலிருந்து வருவதோ உலக உணவில் மூன்றில் ஒரு பங்கு. விளைவிக்கத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். விளைச்சல் காசாக மாறும் இடத்தில்தான் ஒழுகுகிறது. அந்த ஓட்டைகளில் ஒன்று, நீங்கள் குறிக்கும் தவணைத் தேதி.

பயிர்க்கடனை அறுவடை முடிந்த கையோடு கட்டச் சொல்கிறீர்கள். அப்போதுதானே பணம் வரும் என்பது உங்கள் நியாயம். ஆனால் சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே வாரத்தில் அறுக்கிறது, ஒரே வாரத்தில் தவணையும் வருகிறது. எல்லோரும் ஒன்றாக விற்க ஓடுகிறார்கள். வரத்து கொஞ்சம் கூடினாலே விலை பலமாகச் சரியும் சரக்கு இது; மலிந்துவிட்டது என்று யாரும் இரண்டு மடங்கு சாப்பிடப் போவதில்லை. உங்கள் தேதி வியாபாரிக்கும் தெரியும். அவர் அவசரப்படமாட்டார். நாலு மாதம் கழித்து விலை ஏறும்போது சரக்கு அவருடைய கிடங்கில் இருக்கும். விற்றவரோ அடுத்த விதைப்புக்குக் கைக்காசில்லாமல் கந்துவட்டிக்காரரிடம் நிற்பார்.

தவணையை மூன்று, நான்கு மாதம் தள்ளி வையுங்கள். விளைச்சலைக் கிடங்கில் வைத்ததற்குத் தரும் ரசீதை ஈடாக வாங்கிக்கொண்டு, இடைக்காலச் செலவுக்குக் கொஞ்சம் கடன் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. காய்கறி காத்திருக்காது, பால் வருமானத்துக்கு வாரத் தவணையே சரி. தானியத்திலும் சில வருடம் விலை ஏறாமலே போகும், சேமிப்பில் பூச்சி விழும். அந்த ஆபத்தை எடுப்பதா வேண்டாமா என்று விவசாயி முடிவு செய்யட்டும். இப்போது அவருக்காக உங்கள் நாட்காட்டி முடிவு செய்கிறது.

அப்புறம், உங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் குடும்ப உழைப்புக்கு ஒரு கட்டம் சேருங்கள். அந்த உழைப்புக்கும் கூலி போட்டுப் பார்த்தால், இப்போது லாபம் காட்டும் பல பண்ணைகள் நஷ்டம் காட்டும். என் வாதத்துக்கே அது இடிக்கும்தான். இருந்தாலும் மனைவி, மக்களின் கொடுக்காத சம்பளத்தை லாபம் என்று எழுதி, அதை நம்பிக் கடன் தருவதைவிட அது நல்லது.

வரும் பருவத்தில் ஒரே ஒரு கிளையில் தேதியை மாற்றிப் பாருங்கள். விற்ற விலையையும் வாராக்கடனையும் பக்கத்துக் கிளையோடு ஒப்பிட்டு, கணக்கை எங்களுக்கும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி