தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானத்தோடு கடைப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிடுங்கள்

கொழும்பில் வெள்ளவத்தை காலி வீதியிலும் புறக்கோட்டைப் பிரதான வீதியிலும் புடவைக்கடை வைத்திருக்கும் முதலாளிமாருக்கு,

வணக்கம். விலைக்கழிவைப் பற்றிக் குறைசொல்ல வரவில்லை. அதற்கும் விஷயம் இல்லாமலில்லை. சிவப்பு மையால் வெட்டி எழுதிய விலைச்சீட்டை உரித்துப் பார்த்தால், அடியில் முந்திய சீட்டிலும் அதே 'கழிவு' விலைதான் இருந்ததை ஒரு கடையில் கண்டேன். அதற்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அங்கே சொல்லிக்கொள்ளலாம். எனக்கு உங்களிடம் கேட்க வேண்டியது வேறொன்று, உங்கள் கடையில் வேலை செய்யும் தூரத்து ஊர்ப் பிள்ளைகளைப் பற்றியது.

2025இல் தீபாவளி ஒக்டோபர் 20, திங்கட்கிழமை. முதல் நாள் ஞாயிறு. மகனுக்கு எடுத்த சேர்ட் கழுத்தில் இறுக்கமாக இருந்ததால் மாற்றப் போனேன். இரவு ஒன்பது மணி தாண்டியிருந்தது. 'பண்டிகைக் காலத்தில் பொருட்கள் மாற்றித் தரப்படமாட்டாது' என்று கல்லாவில் ஒட்டியிருந்தார்கள். பண்டிகைக்கு எடுத்த உடுப்பைப் பண்டிகை முடிந்து மாற்றி என்ன செய்வது என்று கேட்டால் கஷியருக்குச் சிரிப்பு வருகிறது, பதில் வரவில்லை. சரி, அதையும் விடுவோம்.

அந்த நேரத்திலும் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. வாசலில் ஸ்பீக்கர் கத்துகிறது, உள்ளே ஏசி ஓடியும் வியர்க்கிறது. சுடிதார் மேசையில் ஆட்கள் அள்ளி எறிந்தது எல்லாம் குவிந்து கிடக்கிறது. இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை அதை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, மடித்து, உறைக்குள் போட்டு, சைஸ் பார்த்து அடுக்குகிறாள். அடுக்கி முடிவதற்குள் ஒரு அன்ரி அடியிலிருந்து ஒன்றை இழுக்கிறார். அடுக்கு சரிகிறது. பிள்ளை ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறாள். ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்து மற்றக் காலின் மேல் வைத்து நிற்கிறாள், கொஞ்ச நேரத்தில் கால் மாற்றுகிறாள். மேசைக்குப் பின்னால் ஒரு முக்காலிகூட இல்லை.

எந்த ஊர் என்று கேட்டேன்.

"பொகவந்தலாவ பக்கம், மேடம்."

"அப்ப தீபாவளிக்கு வீட்டுக்குப் போகேல்லையா?"

"கடை சாத்துனதும் போவணும். பஸ்ஸு கெடைச்சா போயிருவோம்."

போயிருவோம் என்றபோது பக்கத்து மேசைப் பிள்ளைகள் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேசைக்கு அடியில் உங்கள் கடைப் பெயர் போட்ட பைகள் வரிசையாக இருந்தன. தம்பிக்கு சேர்ட், அம்மாவுக்கு சாரி, காசைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்களாம்.

இனி அந்தப் பை மலையகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பயணத்தைப் பாருங்கள். பத்து மணிக்குக் கதவைச் சாத்தினாலும் துணி அடுக்கிக் கணக்குப் பார்த்து வெளியே வரப் பத்தரை ஆகும். வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸோ ஓட்டோவோ பிடித்துப் புறக்கோட்டைக்குப் போக வேண்டும். மலையகத்துக்கான பதுளை இரவுத் தபால் ரயில் அதற்கு முன்பே கோட்டை ரயில் நிலையத்தை விட்டுப் போயிருக்கும். பண்டிகைக்கென்று போக்குவரத்துச் சபை மேலதிக பஸ் விடுவது வழக்கம்தான். ஆனால் மத்தியானத்திலிருந்து வரிசையில் நிற்பவர்களுக்குப் பிறகுதான் இவர்களுக்கு இடம். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று வளைந்து ஏறி அட்டனுக்குப் போக நல்ல நாளிலேயே நாலைந்து மணித்தியாலம். அட்டனில் இறங்கிப் பொகவந்தலாவைக்கு இன்னொரு பஸ், பிறகு தோட்டத்துக்கு நடை. இருட்டோடு எழும்பி எண்ணெய் தேய்த்து முழுகி, சாமிக்கு முன் வைத்த புது உடுப்பை எடுத்துப் போடுவதுதானே நமக்குத் தீபாவளி? இந்தப் பைக்குள் இருப்பது அதற்குப் பிறகுதான் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலுக்குப் போய்ச் சேர்கிறது. கொழும்பில் பாதிப்பேருக்குத் தீபாவளி உடுப்பு எடுத்துக் கொடுத்தவளின் தம்பி விடியற்காலை பழைய சட்டையோடு நிற்கிறான்.

நீங்கள் கேட்கக்கூடும்: தீபாவளியன்று கடையைப் பூட்டுகிறோமே, அது போதாதா? உங்களில் பலர் பூட்டுகிறீர்கள் என்பது உண்மை, சட்டம் கேட்காமலே செய்கிறீர்கள். நாட்காட்டியைப் பாருங்கள். தீபாவளி அரச விடுமுறை, வங்கி விடுமுறை, ஆனால் கடைகளுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும் வர்த்தக விடுமுறை இல்லை. தைப்பொங்கலுக்கும் நத்தாருக்கும் இருக்கிற அந்த அடையாளம் தீபாவளிக்குக் கிடையாது. ஆகவே கடையில் வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளைக்குத் தீபாவளி லீவு என்பது முதலாளியின் மனம்தான். மனம் இருக்கிற இடத்தில்தானே கேட்கலாம், அதனால்தான் தொழில் அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

சட்டம் சொல்வதும் சும்மா இல்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. மேலதிக வேலை வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, அதற்குச் சம்பளம் ஒன்றரை மடங்கு. இரண்டையும் கூட்டினால் 57. தீபாவளி வாரத்தில் காலை ஒன்பதுக்குத் திறந்து இரவு பத்துக்குச் சாத்துகிற கடையில், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தாலும் ஏழு நாளைக்கு 84 வருகிறது. மிச்சம் 27 மணித்தியாலத்தை எந்தப் புத்தகத்தில் எழுதுகிறீர்களோ தெரியாது.

கடை ஊழியர் வேலைநேரத்தில் உட்காரும் உரிமையைக் கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டமாக்கின. காஞ்சிபுரத்துச் சாரியை விமானத்தில் இறக்குகிறீர்கள். அந்த ஊர்ச் சட்டத்துக்குச் சுங்க வரி கிடையாது, மேசைக்கு ஒரு முக்காலி போட்டால் முடிந்தது.

வியாபாரக் கணக்கு எனக்கும் விளங்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் கடைகள் வெறிச்சோடிக் கிடந்ததை மறக்கவில்லை. இப்போது 18 வீத வற்வரி (VAT), வாடகை, மின்கட்டணம் எல்லாம் போக இந்தப் பத்து நாள் வியாபாரத்தில்தான் வருடமே நிற்கிறது என்பீர்கள். கடைசி இரவில் நிறைய விற்கிறது என்பதும் சரியாக இருக்கும். ஆனால் கடை திறந்திருக்கிறது என்பதால்தான் ஆட்கள் கடைசி இரவுக்கு விடுகிறார்கள். முதல் நாள் இரண்டு மணியோடு பூட்டு என்று இரண்டு வாரத்துக்கு முன்பே தெரிந்தால், சனிக்கிழமையே வந்து எடுப்பார்கள். தீபாவளிக்கு உடுப்பு எடுக்காமல் யாரும் இருக்கப் போவதில்லை.

ஒரு கடை மட்டும் சாத்தினால் பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பார். அதனால் வீதிக்கு வீதி பேசி எல்லாரும் சேர்ந்துதான் செய்ய வேண்டும். வர்த்தகச் சங்கங்கள் இதற்குக் கூடாவிட்டால் வேறு எதற்கு?

ஒரு சங்கடம் இருக்கிறது. புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமிக்கும் நாட்கூலிக்காரருக்கும் கையில் காசு வருவதே அன்று பின்னேரம்தான். அவர்களுக்குக் கதவைச் சாத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் கடை எட்டு மணி வரை திறந்திருக்கட்டும். தூரத்துப் பிள்ளைகளை மத்தியானத்தோடு அனுப்பிவிட்டு, கொழும்பில் வீடு உள்ளவர்களும் முதலாளி குடும்பமும் நிற்கலாம். ஒரு பின்னேரம் சுடிதார் மேசையில் நின்று மடித்துப் பார்ப்பது முதலாளியின் மகனுக்கும் நல்ல பயிற்சிதான்.

ஏப்ரலில் இது நடக்கிறதே. சித்திரை வருடத்துக்கு 13ஆம், 14ஆம் திகதிகள் வர்த்தக விடுமுறை. ஊருக்குப் போனவர்கள் திரும்பும்வரை கொழும்பில் பாதிக் கடை பூட்டித்தான் கிடக்கும். பாண் வாங்கவே அலைய வேண்டியிருக்கும். யாரும் குறைசொல்வதில்லை, நாமும் முன்கூட்டியே வாங்கி வைக்கிறோம்.

அடுத்த தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே நேரத்தை மூன்று மொழியிலும் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். அறிவித்தல் ஒட்டிய கடையில்தான் எங்கள் வீட்டு உடுப்பு எடுபடும், பக்கத்து வீடுகளிலும் சொல்லி வைத்திருக்கிறேன். முற்பணத்தையும் போனஸையும் முதல் நாள் இரவு கையில் திணிக்காமல் முந்திய வாரமே கொடுத்தால், பிள்ளைகள் பஸ்ஸில் முன்பதிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி