'சர்வர் முடங்கியது' என்பதோடு செய்தியை முடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்வு முடிவு வரும் நாளிலும் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளிலும் உங்கள் நாளிதழில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. 'ஒரே நேரத்தில் ஏராளமானோர் பார்த்ததால் சர்வர் முடங்கியது.' அவ்வளவுதான். ஏன் முடங்கியது, எதைச் சரிசெய்தார்கள், அடுத்த முறை முடங்காமல் இருக்க என்ன செய்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் கிடைக்கும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அதோடு அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் சிலவற்றின் வெப் சர்வர்களையும், ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தளத்தையும் கவனிக்கிறேன். எல்லாம் லினக்ஸ், அதன்மேல் அப்பாச்சி. 1995 முதல் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக் கிடைக்கும் மென்பொருள் அது. பிரவுசர் கேட்கும் பக்கத்தை எடுத்து அனுப்புவது அதன் வேலை. தனக்கு என்ன கோளாறு என்பதை அப்பாச்சி எப்போதும் எழுதி வைத்துவிடும். எழுதி வைக்கும் இடத்துக்கு எரர் லாக் என்று பெயர். தளம் நின்றுபோனால் முதலில் திறக்க வேண்டியது அதைத்தான். நான் பார்த்தவரை பெரும்பாலானோர் கடைசியாகத்தான் திறக்கிறார்கள், சிலர் திறப்பதே இல்லை. ரீஸ்டார்ட் செய்கிறார்கள், தளம் வருகிறது, அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கல்லூரியில் செமஸ்டர் முடிவு வெளியிட்ட காலையில் நடந்ததைச் சொல்கிறேன். வாடகைக்கு எடுத்த சர்வர், 4 ஜிபி நினைவகம். பத்து மணிக்கு முடிவு, பத்து ஐந்துக்குத் தளம் இல்லை. பராமரிப்பவர்களைக் கேட்டால், 'லோடு அதிகம் சார், பெரிய சர்வர் எடுங்க' என்றார்கள். லாக்கைத் திறந்தால் ஏஎச்00161 என்ற எண்ணோடு ஒரு வரி. 'மேக்ஸ்ரிக்வெஸ்ட்வொர்க்கர்ஸ் அளவைத் தொட்டுவிட்டேன், அதைக் கூட்டுவதைப் பற்றி யோசியுங்கள்' என்பது அதன் பொருள். ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குப் பரிமாறலாம் என்று நாம் அப்பாச்சிக்குக் கொடுக்கும் எண் அது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில், அப்பாச்சிக்கான கட்டளைகளை எழுதும் கான்ஃபிக் ஃபைலிலேயே எழுதி வருவது 150. பராமரிப்பவர்கள் அந்த வரியை அப்படியே நம்பி 256 ஆக்கியிருந்தார்கள். அதுவரை மெதுவாகவாவது வந்துகொண்டிருந்த தளம் அப்புறம்தான் முழுதாகப் படுத்துவிட்டது.

காரணம் சாதாரண பெருக்கல் கணக்கு. அந்தத் தளத்தில் பக்கங்களை உண்டாக்கும் பிஎச்பி என்ற நிரல்மொழிக்கான மாட்யூலை, அதாவது கூடுதல் பாகத்தை, அப்பாச்சிக்குள்ளேயே ஏற்றி, பிரீஃபோர்க் என்ற முறையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த முறையில் வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் ஒரு பிரதி. ஒவ்வொரு ப்ராசஸும் ஏறக்குறைய 50 எம்பி நினைவகத்தைப் பிடித்திருந்தது. 256 பேருக்கு 12,800 எம்பி, அதாவது 12 ஜிபிக்கும் மேல். இருப்பதோ 4 ஜிபி. மிச்சத்தை லினக்ஸ் வட்டில் எழுதி எழுதிச் சமாளிக்கப் பார்த்தது. அது நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. ஒரு கட்டத்துக்கு மேல் முடியாமல், அதிகம் சாப்பிடும் ப்ராசஸ் எது என்று பார்த்து, தரவுத்தளத்தையே கொன்றுவிட்டது. மதிப்பெண் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

கல்யாண வீட்டுப் பந்தியில் அறுபது பேருக்குப் பரிமாறத்தான் ஆள் இருக்கிறது என்றால் அறுபது இலை போட வேண்டும். இருநூற்றைம்பது இலை போட்டு எல்லோரையும் உட்கார வைத்தால் ஒருவருக்கும் சோறு வராது. அந்த சர்வரில் நடந்தது அதுதான். சாப்பிட்டு முடித்தவர் எழுந்திருக்காமல் இலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கூத்தும் அங்கே உண்டு. கீப்அலைவ்டைம்அவுட் என்ற வரியில் 15 விநாடி என்று இருந்தது. பக்கத்தை வாங்கிவிட்டுச் சும்மா இருக்கும் பிரவுசருக்காக ஒரு ப்ராசஸ் 15 விநாடி காத்திருக்கும். 2.2 பதிப்பிலிருந்தே அப்பாச்சி தானாக எடுத்துக்கொள்வது 5 விநாடிதான். அதற்கும் பழைய ஏதோ ஒரு கான்ஃபிக் ஃபைலிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

லினக்ஸுக்கும் தரவுத்தளத்துக்கும் 1 ஜிபி ஒதுக்கி, மிச்சம் 3 ஜிபியை 50 எம்பியால் வகுத்தால் 60 வரும். அந்த எண்ணைப் போட்டு, கீப்அலைவை 2 விநாடியாகக் குறைத்தோம். அறுபதுக்கு மேல் வருகிறவர்கள் வரிசையில் சில விநாடி நிற்பார்கள், ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பார்த்தார்கள். கூட்டம் வரும்போது எண்ணைக் குறைப்பதா என்று அந்தக் கல்லூரி முதல்வர் நம்பவே இல்லை. கணக்கைத் தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்.

நிரந்தரத் தீர்வு அதற்கு அடுத்த செமஸ்டரில். பிஎச்பியை அப்பாச்சியிலிருந்து பிரித்து, பிஎச்பி-எஃப்பிஎம் என்ற தனி சேவையாக ஓட்டி, ப்ராக்ஸி எஃப்சிஜிஐ மாட்யூல் வழியாக இணைத்தோம். பிஎச்பி மாட்யூல் உள்ளே இருக்கும்வரை பிரீஃபோர்க்கை விட முடியாது. அது வெளியே போனதும் ஈவென்ட் முறைக்கு மாறலாம். 2012-இல் வந்த 2.4 பதிப்பிலேயே ஈவென்ட் முழுத் தகுதியோடு வந்துவிட்டது. சும்மா இருக்கும் இணைப்புகளை அது தனியாக ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளும், அவற்றுக்காக ஆளை நிறுத்தி வைக்காது. இன்னொன்றும் செய்தோம். வெளியிட்ட மதிப்பெண் அன்று முழுவதும் மாறப்போவதில்லை. பிறகு ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தை எதற்கு எழுப்ப வேண்டும்? முந்தின இரவே பக்கங்களைத் தயாரித்து ஃபைல்களாக வைத்துவிட்டோம். அதே 4 ஜிபி சர்வர் அசையவில்லை. பெரிய சர்வருக்குக் கொடுக்கச் சொன்ன பணம் கல்லூரியிலேயே இருக்கிறது.

லாக்கைப் படிக்காததால் வரும் செலவு பணம் மட்டுமில்லை. தளத்தில் 403 வந்தால், அதாவது அனுமதி இல்லை என்று வந்தால், உடனே எல்லா ஃபைல்களுக்கும் 777 அனுமதி கொடுத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று வாசலைத் திறந்து வைப்பது அது. அப்படியும் 403 போகாது. ஏனென்றால் லாக்கில் ஏஎச்00035 என்று ஒரு வரி இருக்கும். பாதையில் உள்ள ஏதோ ஒரு ஃபோல்டரைக் கடந்துபோக அப்பாச்சிக்கு அனுமதி இல்லை என்று அது தெளிவாகச் சொல்லும். கோளாறு ஃபைலில் இல்லை, மேலே இருக்கும் ஃபோல்டரில். உபுண்டு 21.04 முதல் புதிதாக உண்டாக்கும் பயனர்களின் ஹோம் ஃபோல்டரைப் பிறர் திறக்க முடியாதபடிதான் தருகிறார்கள். அதற்குள் தளத்தை வைத்தவர்கள் பலர் இதில் மாட்டினார்கள். தளத்தை வார் என்ற பொது ஃபோல்டருக்குள் நகர்த்தினால் முடிந்தது.

இன்னொரு வகை 403-உம் உண்டு. 2.2-இலிருந்து 2.4-க்கு மாறியபோது, யாரை உள்ளே விடலாம் என்று எழுதும் முறையே மாறிவிட்டது. 'ஆர்டர் அலவ், டினை' போய் 'ரெக்வயர் ஆல் கிரான்டட்' வந்தது. பழைய வரிகளும் ஓட வேண்டும் என்று ஆக்ஸஸ்-காம்பாட் என்ற மாட்யூலைக் கொடுத்தார்கள். சிலர் பழையதையும் புதியதையும் ஒரே ஃபைலில் கலந்து எழுதி, எது எப்போது செல்லும் என்றே தெரியாமல் ஓட்டுகிறார்கள். 2.2-க்குக் கடைசி வெளியீடு 2017-இல் வந்தது. இன்னும் பழைய வரிகளைக் கட்டிக்கொண்டு அழத் தேவையில்லை.

மாட்யூல் ஏற்றாமல் அதன் கட்டளையை எழுதினால், 'இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது, எழுத்துப்பிழையாக இருக்கலாம், அல்லது இதற்கான மாட்யூல் சேர்க்கப்படவில்லை' என்று அப்பாச்சி சொல்லும். இதைவிட நேர்மையான பிழைச் செய்தியை வேறெந்த மென்பொருளிலும் நான் கண்டதில்லை. பக்க முகவரிகளை மாற்றி எழுதும் ரீரைட் மாட்யூலை இயக்கினால் ஒரு நிமிடத்தில் தீர்கிற விஷயத்துக்கு சர்வரையே அழித்து மறுபடி நிறுவியவர்களைத் தெரியும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்வதற்கு முன், கான்ஃபிக்கில் எழுத்துப்பிழை உண்டா என்று பார்க்கும் கான்ஃபிக்டெஸ்டை ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் தளத்தின் ஃபோல்டருக்குள் கிடக்கும், அந்த ஃபோல்டருக்கு மட்டுமான கட்டளைகள் உள்ள எச்டிஆக்ஸஸ் ஃபைலை அது பார்க்காது. அந்த ஃபைல் ஒவ்வொரு வேண்டுகோளின்போதும்தான் படிக்கப்படுகிறது. ஆகவே சோதனையில் எல்லாம் சரி என்று வரும், தளத்தில் 500, அதாவது சர்வருக்குள் பிழை என்று வரும். அப்போதும் லாக்தான் கதி.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒன்றுக்கு வருகிறேன். தமிழில் எழுதிய பக்கம், தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்துமாக வரிசையாகத் தெரிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது ஃபான்ட் கோளாறு இல்லை. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அதில் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவது பைட்டும் இரண்டே வகைதான். பழைய மேற்கத்திய எழுத்து அட்டவணையைக் கொண்டு அவற்றைப் படித்தால் அந்தக் கோடு போட்ட ஏ திரும்பத் திரும்ப வரும். பக்கத்துக்குள் யூடிஎஃப்-8 என்று சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் அப்பாச்சி கான்ஃபிக்கில் ஆட்டிஃபால்ட்சார்செட் என்ற வரியில் ஐஎஸ்ஓ-8859-1 என்று, அதாவது அந்த மேற்கத்திய அட்டவணையின் பெயர் இருந்தால், சர்வர் சொல்வதைத்தான் பிரவுசர் நம்பும், பக்கம் சொல்வதை நம்பாது. அந்த ஒரு வரியை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் போதும். பழைய திஸ்கி குறியீட்டில் உள்ள பக்கங்களையும் வைத்திருப்பவர்கள், அந்த ஃபோல்டருக்கு மட்டும் இந்த வரியை ஆஃப் என்று போட்டுக்கொள்ளலாம்.

இது தெரியாமல் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தமிழ் அறிவிப்புகளை எல்லாம் படமாக மாற்றி ஏற்றுகிறார்கள். நான் பார்க்கும் கூட்டுறவுச் சங்கத் தளத்திலேயே கடன் விதிமுறைகள் முழுவதும் படமாகக் கிடந்தன. கண் பார்வை இல்லாத உறுப்பினர் ஒருவர் ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிக்க முயன்று முடியாமல் அலுவலகத்துக்கு நேரில் வந்தார். படத்தில் இருக்கும் எழுத்து தேடலிலும் அகப்படாது. ஒரு வரி கான்ஃபிக்கைப் பார்க்க யாரும் முனையாததால், ஒரு மனிதர் தன் கடனின் வட்டி விகிதத்தை அடுத்தவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

பாதுகாப்பு விஷயத்திலும் கான்ஃபிக்தான் காப்பாற்றுகிறது. 2021 செப்டம்பரில் வந்த 2.4.49 பதிப்பில் ஒரு ஓட்டை இருந்தது. தளத்தின் ஃபோல்டருக்கு வெளியே உள்ள ஃபைல்களையும் வெளியாள் படிக்க முடிந்தது. அக்டோபர் தொடக்கத்தில் 2.4.50 வந்தது, அது போதவில்லை என்று மூன்றே நாளில் 2.4.51 வந்தது. மேல்மட்ட ஃபோல்டருக்கு 'ரெக்வயர் ஆல் டினைடு' என்ற வரியை அழிக்காமல் வைத்திருந்தவர்களுக்கு அந்த ஓட்டையால் ஃபைல் பறிபோகவில்லை. அழித்தவர்களுக்குப் போகும் நிலை இருந்தது. சர்வரில் உள்ள நிரல்களை ஓட்டும் சிஜிஐ மாட்யூலும் ஓடிக்கொண்டிருந்தால் வெளியாள் கட்டளையே ஓட்டலாம் என்ற அளவுக்கு ஆபத்து. தேவையில்லாத மாட்யூலை ஏன் நிறுத்தச் சொல்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

உங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு தளம் முடங்கும்போது பொறுப்பில் இருப்பவரிடம் 'எரர் லாக்கில் என்ன வரி இருந்தது, கான்ஃபிக்கில் எதை மாற்றினீர்கள்' என்று கேளுங்கள். பதிலை அப்படியே அச்சிடுங்கள். பதில் இல்லை என்றால் அதையும் அச்சிடுங்கள். தளம் கட்ட ஒப்பந்தம் போடும் கல்லூரிகளுக்கும் சங்கங்களுக்கும் ஒன்று சொல்வேன். முகப்புப் பக்கத்தில் என்ன நிறம் என்பதற்கு இரண்டு பக்கம் எழுதுகிறீர்கள். லாக்கை யார், எப்போது பார்ப்பார், கான்ஃபிக் ஃபைல்களின் நகல் யாரிடம் இருக்கும், தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழைப் புதுப்பித்த பின் அப்பாச்சியை ரீலோடு செய்வது யார் பொறுப்பு என்பதற்கும் நான்கு வரி எழுதுங்கள். புதுப்பித்த சான்றிதழ் வட்டில் இருந்தாலும், ரீலோடு செய்யும்வரை அப்பாச்சி பழையதைத்தான் காட்டும். சான்றிதழ் காலாவதி என்று பிரவுசர் மிரட்டும் சம்பவங்களில் பல இதனால்தான்.

எங்கள் பாலிடெக்னிக்கில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு வேண்டுமென்றே கெடுத்து வைத்த அப்பாச்சியைக் கொடுத்து, கூகுளைத் தொடாமல் லாக்கை மட்டும் பார்த்துச் சரிசெய்யச் சொல்கிறோம். செய்கிறார்கள். நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் தளம் படுத்துக் கிடக்கும் பள்ளியோ கல்லூரியோ எங்களைத் தொடர்பு கொண்டால், ஆசிரியர் மேற்பார்வையில் இந்த மாணவர்கள் வந்து பார்ப்பார்கள். கட்டணம் இல்லை. எங்கள் முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குத் தரவும்.

இப்படிக்கு,
கணினி ஆய்வகப் பொறுப்பாளர்,
பாளையங்கோட்டை.