ரூபி என்பது மாணிக்கம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வெளியான மொழிபெயர்ப்புச் சிறுகதையில், இலண்டன் நண்பர்கள் இருவர் வேலை முடிந்ததும் ‘ஒரு மாணிக்கத்துக்குப் போகலாமா?’ என்று பேசிக்கொண்டு புறப்படுகிறார்கள். அடுத்த பத்தியிலேயே ஓர் இந்திய உணவகத்தில் சோறும் குழம்புமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மாணிக்கம் எங்கே போயிற்று என்று எங்கள் வீட்டில் இருவர் கேட்டுவிட்டார்கள். மூலத்தில் ‘ரூபி’ என்று இருந்திருக்கும். மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்த்து மாணிக்கம் என்று எழுதியிருப்பார். அகராதி கைவிட்ட இடம் அது.

பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதையும் வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதையும் குழூஉக்குறி என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கிழக்கு இலண்டனின் காக்னி மக்களிடையே வழங்கும் கொச்சையும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அதன் தந்திரம் வேறு. சொல்ல வேண்டிய சொல்லுக்கு இயைபாக முடியும் ஒரு தொடரை எடுத்துக்கொண்டு, பிறகு அந்த இயைபுச் சொல்லையே வெட்டி எறிந்துவிடுவார்கள். ‘லுக்’ என்பதற்கு ‘புட்சர்ஸ் ஹுக்’, அதாவது கசாப்புக்காரரின் கொக்கி. பேச்சில் கொக்கி போய்விட, ‘ஒரு புட்சர்ஸ் கொடு’ என்றால் ‘ஒரு பார்வை பார்க்க விடு’ என்று பொருள். ஓசை ஒத்த பகுதியே காணாமல் போவதால், கேட்கும் அந்நியருக்குப் பிடித்துக்கொள்ள நுனிகூட மிஞ்சாது. 1859இல் ஜான் கேம்டன் ஹாட்டன் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியில் இவற்றுக்கென்றே தனிப் பட்டியல் உண்டு. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புதான் இவ்வழக்கம் வந்தது என்றும், தெருவில் கூவி விற்போரும் பாடி விற்போரும் இதைப் பேசுவோர் என்றும் அவர் அதில் எழுதினார்.

ரூபி என்பது ரூபி மர்ரி என்னும் பாடகியின் பெயர். அவர் 1935இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர். இருபது வயதை ஒட்டிய பருவத்தில், 1955ஆம் ஆண்டில், பிரித்தானியாவில் அதிகம் விற்ற இருபது பாடல்களின் பட்டியலில் ஒரே வாரத்தில் அவருடையவை ஐந்து இருந்தன. ‘மர்ரி’ என்பது ‘கர்ரி’ என்பதோடு ஒத்துவர, ரூபி மர்ரி கறியானார். பின் மர்ரியும் உதிர்ந்து ரூபி மட்டும் நின்றது. (ஆங்கிலேயருக்குத் தேவைப்பட்டது கடைசி ஓசையில் இயைபு மட்டுமே, நம் யாப்பின்படி பார்த்தால் இரண்டாம் எழுத்தும் ஒன்றி எதுகையும் கூடிவிட்டது.) கறி உணவகங்கள் அந்நாட்டில் ஊருக்கு ஊர் பெருகியது அவருடைய புகழ் தணிந்த பிறகுதான். அவற்றில் பலவற்றை நடத்தியவர்கள் சில்ஹெட் பகுதியிலிருந்து குடியேறிய வங்காளிகள். அவர்கள் திரளாகக் குடியிருந்த பிரிக் லேன் தெருவோ காக்னிக் கொச்சை வழங்கிய அதே கிழக்கு இலண்டனில் இருக்கிறது. மர்ரி 1996இல் மறைந்தார். அவருடைய பாட்டு ஒன்றைக்கூடக் கேட்டிராத இளைஞர்களும் இன்று ‘ரூபிக்குப் போகலாம்’ என்கிறார்கள். இதே கதி டாட் ஸ்லோன் என்ற அமெரிக்கக் குதிரையோட்டிக்கும் நேர்ந்தது. ‘ஆன் மை ஓன்’ என்னும் தொடரின் ‘ஓன்’ என்பதற்கு ‘ஸ்லோன்’ இயைபாக அமைந்ததால், ‘ஆன் மை டாட்’ என்றால் ‘தன்னந்தனியாக’ என்று ஆகிவிட்டது. பந்தயக் குதிரையை அதில் யாரும் நினைப்பதில்லை.

என்னை இக்கடிதம் எழுத வைத்தது இதற்கும் அடியில் இருக்கும் ஒரு செய்தி. ‘கர்ரி’ என்று ஆங்கிலேயர் சொல்வது நம் ‘கறி’தான் என்பதை ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. அகநானூற்றின் 149ஆம் பாட்டில், முசிறிக்குப் பொன்னோடு வந்த யவனர் மரக்கலம் கறியோடு திரும்புகிறது என்ற இடத்தில் கறி என்பது மிளகு. பின்னாளில் அச்சொல் சோற்றுக்குத் துணையாகும் காயையும் இறைச்சியையும் குறித்து, கடல் கடந்து சென்று குழம்பு வகை அனைத்துக்கும் பொதுப்பெயராகி, இலண்டன் தெருவில் ஓர் அயர்லாந்துப் பெண்ணின் பெயருக்குள் ஒளிந்துகொண்டது. தமிழ்ச் சொல் ஒன்று இத்தனை வேடம் போட்டுக்கொண்டு தமிழுக்கே திரும்பி வந்தபோது, அதை நாம் அடையாளம் காணாமல் நகைக்கடைக்கு அனுப்பிவிட்டோம்.

மொழிபெயர்ப்பாளரைக் குறை கூறுவது என் நோக்கமன்று; கதையின் மற்ற பகுதிகள் தெளிவாக ஓடுகின்றன. இவ்வளவையும் அடிக்குறிப்பாக்கி உரையாடலின் குறும்பைக் கெடுத்திருக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். ‘இன்றைக்கு ஒரு பிடி பிடிக்கலாமா?’ என்று எழுதியிருந்தால்கூடப் போதும். அந்த நண்பர்கள் கறி சாப்பிடத்தான் போனார்கள் என்று வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு வரித் திருத்தம் வெளியிட்டால், கதையைக் கத்தரித்து வைத்திருக்கும் என் போன்றவர்கள் அதையும் பக்கத்தில் ஒட்டிக்கொள்வோம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்