கோவில் திறந்திருக்கிறது என்று கதவில் எழுதுங்கள்

சிங்கப்பூரின் பழைய தேவாலயங்களில் பொறுப்பில் இருக்கும் பங்குத்தந்தையர், போதகர்கள், ஆலயக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். நகர மண்டபம் எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கும் புனித அந்திரேயா பேராலயத்தில் தொடங்கி, ஓஃபியர் சாலை லூர்து மாதா ஆலயம் வரை, பழைய தேவாலயங்களை ஒரே காலையில் நடந்து பார்த்துவிடலாம். ஹில் ஸ்திரீட்டின் ஆர்மீனியத் தேவாலயம் 1835இல் கட்டியது. குவீன் ஸ்திரீட்டின் நல்லாயன் பேராலயம் 1847ஐச் சேர்ந்தது. இத்தனை பழமையைத் தேடி வருபவர்கள் பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். இதற்குப் பெரிய காரணம் குளிர்சாதனம்.

குளிர்காற்று வெளியே போகாமலிருக்கக் கதவைச் சாத்தி வைக்கிறோம். சாத்திய கதவுக்கும் பூட்டிய கதவுக்கும் உள்ள வேறுபாடு உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். வெளியே நிற்பவர் கைப்பிடியைத் தொடவே தயங்குவார். உள்ளே பூசை நடக்கிறதோ, வேற்று மதத்தவர் போகலாமோ என்று யோசிப்பார். ஒரு நிமிடம் நிற்பார், கோபுரத்தைப் படமெடுப்பார், போய்விடுவார்.

ஆகவே முதல் வேலை ஒரு பலகை. "கோவில் திறந்திருக்கிறது. கதவைத் தள்ளி உள்ளே வாருங்கள்" என்பதே அதன் முதல் வரியாக, நான்கு மொழிகளிலும், நடைபாதையில் நின்றே படிக்கும் அளவில் இருக்கட்டும். அதன் கீழே அன்றைய திருப்பலி அல்லது ஆராதனை நேரம் மட்டும் போதும். ஒரு வாரத்து அட்டவணையைச் சிறு எழுத்தில் ஒட்டினால் யாரும் படிப்பதில்லை. உடை, படமெடுத்தல் பற்றிய விதிகள் கடைசியில் வரட்டும். பலகையின் தலையிலேயே "கூடாது, கூடாது" என்று நான்கு வரி இருந்தால், அதைப் படித்தவர் ஐந்தாவது வரிக்குக் காத்திருக்க மாட்டார்.

பலகையைச் சுவரில் துளையிட்டு மாட்ட வேண்டாம். தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடமென்றால், சுவரில் கை வைக்கும் முன் தேசிய மரபுடைமைக் கழகத்தைக் கேட்க வேண்டும். ஒட்டுநாடாவும் ஆகாது. உரிக்கும்போது சுண்ணாம்புப் பூச்சின் மேல்தோலும் கூடவே வந்துவிடும். காலில் கனம் வைத்த தாங்கிப் பலகைதான் நல்லது, மழைக்காற்றுக்குச் சாயாது.

அடுத்தது ஆள். ஒரு நேரத்துக்கு இரண்டு தொண்டூழியர்கள் வேண்டும், ஒருவர் கதவருகில், ஒருவர் உள்ளே. இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் நிற்க வைக்காதீர்கள், களைத்த முகம் வரவேற்காது. வாசலுக்கு நேர் நடுவில் நிற்காமல், இரண்டு அடி உள்ளே தள்ளி, பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். உள்ளே வருபவர் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். அந்த ஒரு நிமிடம் அவருடையது. அதற்குப் பிறகு வணக்கம் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேளாங்கண்ணிக்குப் போய்ப் பழகிய இந்துக் குடும்பங்கள் லூர்து மாதா ஆலயத்துக்கு மிகுந்த பக்தியோடு வருகின்றன. "செருப்பைக் கழற்றணுமா?" என்பதுதான் முதல் கேள்வி. தேவையில்லை என்று சொல்லுங்கள். கழற்றிவிட்டு வந்தாலும் தடுக்காதீர்கள். சிக்கல் வருவது திருப்பலியில் நற்கருணை, அதாவது அர்ச்சிக்கப்பட்ட அப்பம், வழங்கும்போது. எல்லோரும் எழுந்து போவதைப் பார்த்து, பிரசாதம் என்றெண்ணி இவர்களும் வரிசையில் நின்றுவிடுவார்கள். சிலர் அப்பத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கைக்குட்டையில் வைத்துக்கொள்வதும் உண்டு. பீடத்தின் முன்னால், பத்துப் பேர் பார்க்கத் திருத்தினால் அந்தக் குடும்பம் மறுபடி வராது. வரிசை தொடங்கும் முன்பே அருகில் போய்க் குனிந்து, "இது கத்தோலிக்கர் வாங்குவது. நீங்கள் கைகளை மார்பில் குறுக்காக வைத்துப் போனால் ஃபாதர் ஆசீர்வதிப்பார், இல்லையென்றால் இங்கேயே உட்கார்ந்திருக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னால் போதும். இதற்காகவே கடைசி இரண்டு வரிசை இருக்கைகளை வருகையாளருக்கு ஒதுக்குங்கள். தொண்டூழியருக்கும் ஆளைத் தேட வேண்டியிருக்காது.

படமெடுக்கத் தடை போடாதீர்கள், எல்லை போடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், மன்றாடுபவர் முகம் வேண்டாம், திருப்பலிக்குக் கால் மணி நேரம் முன்பே கைப்பேசி பைக்குள் போய்விட வேண்டும். அந்த நேரத்தில் நடுப்பாதையில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால் வாயால் விரட்ட வேண்டியதில்லை. மெழுகுவர்த்தித் தட்டைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், புகைக்கரி சுண்ணாம்பில் ஏறினால் துடைத்தாலும் போகாது. வெளியே மாதா கெபி (மாதா சிலை வைத்த குகை போன்ற அமைப்பு) இருந்தால் அங்கேயே மணல் நிரப்பிய தட்டில் ஏற்ற விடுங்கள்.

வரலாற்றைச் சொல்லும் தாள் ஒரு பக்கம் போதும். ஆனால் அதில் யார் பெயர் வருகிறது என்பதைக் கவனியுங்கள். புனித அந்திரேயா பேராலயத்தின் வடிவமைப்பாளர் ரொனால்ட் மக்பர்சன் என்பது எல்லாத் தாளிலும் இருக்கும். 1856இல் அடிக்கல் நாட்டிய அந்தக் கட்டடத்தை எழுப்பிய கைகள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளுடையவை. அவர்கள் பூசிய சாந்தில் மணல் இல்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர், இவற்றைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உருண்டைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினார்கள். 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்றே அதற்குப் பெயர். இதைக் கேட்கும் தமிழருக்கு அந்தச் சுவர் அதன்பின் வெள்ளைக்காரர் கோவிலின் சுவராகத் தெரியாது.

லூர்து மாதா ஆலயத்தின் தாளிலும் 1888 என்ற ஆண்டோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முன் தமிழ்க் கத்தோலிக்கர்கள் குவீன் ஸ்திரீட்டில் 1870இல் எழுந்த புனித இராயப்பர் சின்னப்பர் (பீட்டர், பால்) ஆலயத்தைச் சீனக் கத்தோலிக்கரோடு பகிர்ந்துகொண்டார்கள். தங்கள் மொழியில் வேண்டத் தனிக் கோவில் கிடைத்தது ஓஃபியர் சாலையில்தான். இதைச் சொன்னால் வருகையாளர் தாமாகவே "அந்தக் குவீன் ஸ்திரீட் கோவில் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்.

அப்போது கையில் பதில் இருக்க வேண்டும். பக்கத்துத் தேவாலயங்கள் அன்று எத்தனை மணி வரை திறந்திருக்கும், எப்போது வழிபாடு என்பதை ஒருவருக்கொருவர் வாரந்தோறும் தெரிவித்துக்கொள்ளுங்கள். சபை வேறுபாடு இதற்குத் தடையாக வேண்டாம். அரை மணி நடந்துபோய்ப் பூட்டிய கேட்டைப் பார்ப்பவருக்கு அது எந்தச் சபையின் பூட்டு என்பது முக்கியமில்லை.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். தொண்டூழியர்களைப் பழக்கச் சில வாரம் பிடிக்கும், தாளைத் திருத்தி அச்சிட இன்னும் சில வாரம். பலகையை மட்டும் வருகிற சனிக்கிழமைக்குள் கதவருகே வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
பழைய தேவாலயங்களில் வருகையாளரை வரவேற்கும் தொண்டூழியர்கள் சிலர்