எங்கள் சேம்பரில் ஒரு கல்யாணம்

அன்புள்ள தோழிக்கு,

மதுரை பெஞ்சில் உனக்கு நல்லபடியாகக் கேஸ் வர ஆரம்பித்துவிட்டது என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே என்ன விசேஷம் என்று கேட்டிருந்தாய். கல்யாண விசேஷமே வரப்போகிறது.

தம்புச் செட்டித் தெருவில் அதே இரண்டாவது மாடிதான். சீனியரும் மேடமும் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கி இத்தனை வருடம் ஆகியும், நடுவில் ஒரு பீரோவைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக அதே சேம்பரில்தான் பிராக்டிஸ் செய்கிறார்கள். நேர்ப் பேச்சு கிடையாது, எல்லாம் குமாஸ்தா அண்ணன் வழியாகத்தான். ஆனால் போன மாதம் மேடம் ஃபேமிலி கோர்ட்டில் மாட்டிக்கொண்ட நேரம் பார்த்து ஐகோர்ட்டில் அவர் கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். கவுனை ஒரு தோளில் மாட்டியபடி ஓடிப்போய் பாஸ் ஓவர் கேட்டு, கேஸைக் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடும்படி வாங்கியது யார் தெரியுமா? சீனியர்தான்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். நம் சேம்பர் ஜூனியர்கள், தென்காசிப் பையனும் நாகர்கோவில் பெண்ணும், போன வெள்ளிக்கிழமை சீனியர் முன்னால் வந்து நின்றார்கள். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. உடனே இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்த 1967 தமிழ்நாட்டுத் திருத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, புரோகிதர் வேண்டாம், மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும், இங்கேயே நடத்திவிடலாம் என்று ஆரம்பித்துவிட்டார். வக்கீல் சேம்பரில் நடக்கும் கல்யாணம் செல்லாது என்று 2014-இல் நம் ஐகோர்ட் சொன்னதையும், 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி, வக்கீல் தொழில் முறையில் இல்லாமல் நண்பராகவோ உறவினராகவோ நின்று நடத்தி வைக்கலாம் என்று சொன்னதையும் மூச்சு விடாமல் விளக்கினார். அப்போது பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேடம், "அந்தப் பொண்ணு கிறிஸ்டியன். 7ஏ இரண்டு பேரும் இந்துவா இருந்தாத்தான்" என்றார். குமாஸ்தா அண்ணனைக் கூப்பிடவில்லை, நேராக அவரிடமே சொன்னார். அறையில் யாருமே அசையவில்லை.

அதனால் இனி 1954 சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. நோட்டீஸ் கொடுத்தால் பெயரும் முகவரியுமாக ரிஜிஸ்டர் ஆபீசில் ஒட்டுவார்கள், 30 நாள் ஆட்சேபத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஊரில் யாராவது பார்த்துச் சொல்வதற்கு முன்னால் தாங்களே வீட்டில் சொல்லிவிடுவது என்று இருவரும் கிளம்பியிருக்கிறார்கள். தைரியமான பிள்ளைகள். நல்லபடியாக நடக்க வேண்டும்.

ஆனால் எனக்கு மனசு போன வருடம் சேம்பரை விட்டு நின்றுபோன நம் திண்டுக்கல்காரியிடமே போகிறது. அவளும் இதே அறையில்தான் கூட இருந்த ஒருவனைக் காதலித்தாள், இருவருக்கும் ஒத்துவரவில்லை, பிரிந்தார்கள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லைதான். ஆனால் ஜூனியர்களுக்குக் கேஸ் கட்டுகளைப் பிரித்துக் கொடுப்பது அவன் கையில் இருந்தது. ஒவ்வொன்றாக அவள் மேஜைக்கு வருவது குறைந்து, கடைசியில் வாய்தா வாங்க மட்டும்தான் அனுப்பினார்கள். தொல்லை கொடுத்தான் என்று சொல்ல முடியாது, வேலையிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டத்தில் புகார் கொடுக்கவும் அதில் ஒன்றும் இல்லை. காதல் முறிந்தது இரண்டு பேருக்கும், சேம்பரை விட்டுப் போனது மட்டும் பெண்ணா? எனக்கு இது ஆறவே இல்லை.

நேற்று மேடமிடம் போய், நாளைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தாலும் நாகர்கோவில் பெண்ணின் கட்டுகள் உங்களிடமிருந்து நேராக அவளுக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, குமாஸ்தா அண்ணனைக் கூப்பிட்டு இனி எல்லா ஜூனியருக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் ஒரு உதவி. திண்டுக்கல்காரி இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். ஜீவனாம்ச மனு அவளைப் போல எழுத எனக்குத் தெரிந்து நம் செட்டில் ஆள் இல்லை. உன் சீனியரிடம் அவளுக்கு ஒரு இடம் கேட்டுப் பார். ஜூனியருக்கு மாதம் 20,000 என்று 2024-இல் ஐகோர்ட் சொன்னது மதுரைக்கும் சேர்த்துத்தானே, அதையும் கூச்சப்படாமல் பேசு. அவளிடம் சொல்லிவிட்டு நம்பரை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்மேட்