இண்ட்ராஃப் பேரணியில் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மலேசிய இந்தியர்களின் உரிமைக்காகக் குரல்கொடுத்த இண்ட்ராஃப் (இந்து உரிமைப் பணிப்படை) அமைப்பு 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் நடத்திய பேரணியில் கலந்துகொண்டவர்களில் நானும் ஒருவன். அன்றும் அடுத்துவந்த மாதங்களிலும் எங்களுக்குத் துணைநின்றவர்களுக்கு இம்மடல்வழி நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். இது காலந்தாழ்ந்த நன்றிதான். விசாரணையின்றி ஒருவரை அடைத்துவைக்க இடமளித்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டு, இண்ட்ராஃப் மீதான தடையும் 2013இல் விலகும்வரை, பெயர்சொல்லி நன்றி கூறுவது உதவியவரைக் காட்டிக்கொடுப்பதாகவே முடிந்திருக்கும். இப்போதும் பலரின் பெயரைத் தவிர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாகத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த பிரிட்டிஷ் அரசு, சுதந்திரத்தின்போது உரிய பாதுகாப்பின்றி விட்டுச்சென்றது என்பது லண்டனில் தொடுக்கப்பட்ட வழக்கு. அதனை நடத்த எலிசபெத் அரசியார் ஒரு வழக்கறிஞரை அமர்த்தித் தரவேண்டும் என்னும் மனுவைத் பிரிட்டிஷ் தூதரகத்தில் கொடுப்பதற்காகவே அது இருந்த ஜாலான் அம்பாங் சாலை நோக்கிச் சென்றோம். கல்வியிலும் வேலையிலும் இனத்தின் பேரால் ஒதுக்கப்பட்ட நெடுநாள் மனக்குறையோடு, தீபாவளிக்குச் சில நாள்களே இருந்தபோது சிலாங்கூரின் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்ட கொதிப்பும் சேர்ந்திருந்தது. காந்தியடிகளின் படத்தையும் அரசியாரின் படத்தையும் ஏந்தி வந்தவர்கள்மீது கண்ணீர்ப்புகையும் இரசாயன நீரும் பாய்ச்சப்பட்டன. விடியுமுன்னரே பத்துமலைக் கோயில் வளாகத்தில் கூடியிருந்தவர்களுக்கும் அதே கதிதான்.

சாலைத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு, உரிமம் பறிபோகும் என்று தெரிந்தும் எங்களை ஏற்றிவந்த வேன் ஓட்டுநர்களுக்கு முதல் நன்றி. உப்புப் பொட்டலமும் நனைத்த துண்டும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்துக்கொண்டே கூட்டத்தோடு நடந்த அக்காமார்களுக்கும், கடைக் கதவைப் பாதி இறக்கி எங்களை உள்ளே இழுத்துக்கொண்ட சீனத் தவுக்கேவுக்கும் (கடை முதலாளிக்கும்) அடுத்த நன்றி. ஐயா, நீங்கள் எங்களிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. வாசலில் காலடிச் சத்தம் கேட்டபோது வானொலியின் ஒலியை மட்டும் கூட்டினீர்கள்.

வழக்கறிஞர்களுக்குச் சொல்ல வேண்டியது சற்று அதிகம். அன்று இரவு காவல் நிலைய வாசல்களில் பெயர்ப் பட்டியலோடு நின்று, யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதையாவது பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும் என்று விடாமல் கேட்டவர்கள் நீங்கள். பத்துமலையில் பிடிபட்டவர்களுள் 31 பேர்மீது கொலைமுயற்சிக் குற்றம் சாட்டப்பட்டு ஜாமீனும் மறுக்கப்பட்டபோது, ஊதியம் எதுவும் பேசாமல் அவர்களுக்காக நின்றீர்கள். அக்குற்றச்சாட்டு டிசம்பர் மாதத்திலேயே மீட்டுக்கொள்ளப்பட்டது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கமுண்டிங் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்ட இண்ட்ராஃப் தலைவர்களான உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஆகிய ஐவருக்காகச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே நீதிமன்றத்தில் வாதாடிய கர்ப்பால் சிங் அவர்கள் 2014இல் விபத்தொன்றில் மறைந்துவிட்டார். அவர் இருந்தபோதே நேரில் சென்று நன்றி சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். ஆட்கொணர்வு மனுக்கள் தள்ளுபடியாயின என்றாலும், ஐவரும் கேட்பாரற்றவர்கள் அல்லர் என்பது அவற்றால் பதிவாயிற்று.

எங்கள் கிள்ளான் வட்டாரத்து வாக்காளர்களையும், குறிப்பாகச் சீன நண்பர்களையும், இங்கே நினைத்துக்கொள்கிறேன். வேட்பாளர் சிறையில், கூட்டத்தில் பேச அவர் வரமுடியாது, கைகுலுக்கவும் வரமுடியாது. அப்படியிருந்தும் 2008 மார்ச் 8ஆம் நாள் மனோகரனைக் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்ற உறுப்பினராக்கினீர்கள். பேரணியன்று கண்ணில் படாத சிலர் தேர்தலுக்குப் பின் முன்வரிசைக்கு வந்தது வேறு கதை. அது இம்மடலுக்கு உரியதன்று.

தடுப்புக் காவலில் இருந்தோரின் துணைவியர் கமுண்டிங்குக்குப் போய்வந்த நாள்களில் அவர்களின் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து சோறூட்டிய அண்டைவீட்டாருக்கும், மெழுகுவர்த்தி ஏந்தி அவர்களுக்காக நின்றவர்களுக்கும் நன்றி. கண் எரிச்சலோடு வந்தவர்களிடம் கட்டணம் வாங்காமல் மருந்திட்ட மருத்துவர் அம்மாவுக்கும் நன்றி. விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
பேரணியில் கலந்துகொண்ட ஒருவன்,
கிள்ளான், சிலாங்கூர்.