நடுவழியில் நின்ற டிவியை இறக்கிக் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

மே மாதம் எங்கள் படகில் பாதி ஏறி நின்றுவிட்ட டிவியைப் பற்றி உங்களில் பலரிடம் போனில் புலம்பியிருக்கிறேன். அது இறங்கிவிட்டது. உதவியவர்களுக்கு நேரில் நன்றி சொல்லியாயிற்று என்றாலும், நடுவில் சிலரிடம் கடுகடுத்ததும் உண்டு. அதனால் நாலு பேர் அறிய எழுதிவிடுவதுதான் முறை.

மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்கிய பழைய மோட்டார் படகு, சென்னைத் துறைமுகத்துக்குள் கட்டியிருக்கிறது. கேபின் அலமாரிக்குள்ளிருந்து பட்டனைத் தட்டினால் டிவி எழும்பி வரும். ஆடம்பரம்தான். முந்தைய சொந்தக்காரர் வைத்தது, நாங்கள் கேட்டு வாங்கியதல்ல. ஐபிஎல் பார்க்கலாமென்று ஒருநாள் பட்டனைத் தட்ட, முக்கால் அடி ஏறியது, நின்றது. கண்ட்ரோல் பாக்ஸுக்குள் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மட்டும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. டிவியைத் தாங்கும் இரண்டு கால்களுக்குள்ளும் இருப்பது மரை போட்ட தண்டு. மோட்டார் சுற்றினால்தான் இறங்கும். ஆள் ஏறி உட்கார்ந்தாலும் அசையாது. அந்த நிலையில் கடலுக்குப் போனால் முதல் அலையிலேயே டிவி யார் மடியிலாவது விழும். படகு கட்டின இடத்திலேயே கிடந்தது.

முதல் நன்றி தச்சருக்கு. உப்புக்காற்றில் அலமாரி மூடி ஊதிப்போய்ப் பிடிக்கிறது என்று அடித்துச் சொன்னவன் நான். அவர் மூடியைத் தடவிப் பார்த்து, "இது பிடிக்கலையே சார்" என்றார். நான் கேட்கவில்லை. இழைக்கச் சொன்னேன், இழைத்தார். டிவி அப்படியே நின்றது.

அடுத்து, பக்கத்து வீட்டுப் பெண். கிண்டியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். "அங்கிள், மேனுவலைப் படிச்சீங்களா?" என்று கேட்டாள். முப்பது வருஷம் கப்பல் எஞ்சின் ரூமில் இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது! இரண்டு கால்களும் ஒன்றுபோல் ஏறுகின்றனவா என்று சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும், கணக்குத் தப்பினால் பாக்ஸ் நிறுத்திவிடும், இறக்கும் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் புதிதாகக் கணக்கைத் தொடங்கும் என்றாள். பிடித்தோம். டிக் டிக். "படிச்சதெல்லாம் படகுல நடக்காதும்மா" என்று அனுப்பிவிட்டேன். அதற்கான மன்னிப்பு கீழே வருகிறது.

பாக்ஸ் போய்விட்டது என்று முடிவுகட்டி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கழற்றிக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைத் தன் மேஜையில் பவர் சப்ளையோடு இணைத்து, ஒரு சின்ன மோட்டாரைச் சுற்றிக் காட்டினார். "நல்லாத்தான் இருக்கு. புதுசு வாங்காதீங்க, காசு வேஸ்ட்." விற்கிறவர் வாயிலிருந்து இந்த வார்த்தை! சோதித்துப் பார்த்ததற்கும் காசு வாங்கவில்லை. ஐயா, அடுத்த முறை என்ன வாங்குவதானாலும் உங்கள் கடைதான்.

பாக்ஸ் நல்லது, பேட்டரியும் நல்லது. அலமாரியில் வயர் வந்து முடியும் இடத்தில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. பிறகு என்ன குறை?

காசிமேட்டு எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட எனக்குத் தயக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகுகளெல்லாம் பழுது பார்க்கப்படும். அவருக்குச் சாப்பிட நேரமிருக்காது. என் டிவியோ யார் பிழைப்பும் இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்தார். அவருக்குத் துறைமுக நுழைவு அனுமதி வாங்க அலைந்த நண்பருக்கும் நன்றி.

எலக்ட்ரீஷியன் தம்பி என் மல்டிமீட்டரைப் பார்த்துச் சிரித்தார். "சும்மா நிக்கும்போது எல்லாம் பன்னெண்டு காட்டும் சார். வேலை குடுத்துப் பாருங்க." பையிலிருந்து பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்தார், 55 வாட். அலமாரி வயரில் மாட்டினார். பல்பு மங்கிச் சிவந்தது, மீட்டர் 8.6-க்கு விழுந்தது. பல்பு எரியும்போதே மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை அலமாரிக்கு வரும் நெகட்டிவ் வயரின் கடைசியிலும் வைத்தார். ஒரே வயரின் இரண்டு முனை, ஏறக்குறைய சுழி காட்ட வேண்டும். 3.4 காட்டியது.

வயரைத் தடவிக்கொண்டே போய், படகின் அடிப்பலகைக்குக் கீழே ஒரு லக்கை (வயர் முனையில் நசுக்கி மாட்டும் உலோகக் காது) இழுத்தார். கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. உறையை வெட்டினால் ஒரு சாண் தூரம் கறுத்துப் போயிருந்தது. மின்னோட்டம் இல்லாதபோது அந்தக் களிம்பைத் தாண்டியும் வோல்ட் முழுதாகத் தெரியும். மோட்டார் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். இதை நான் எத்தனை ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! என் படகில் மறந்துபோனது.

வெள்ளீயம் பூசிய வயரைப் புதிதாக இழுத்து, லக் அடித்து, பசை வைத்த ஸ்லீவைச் சூடுகாட்டி ஒட்டி முடிக்க ஒன்பது மணி. பட்டனைத் தட்டினோம். டிக் டிக் போய்விட்டது, டிவி அசையவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. வீடியோ காலில் கூப்பிட்டேன். "இறக்குற பட்டனைப் பிடிச்சுக்கிட்டே இருங்க அங்கிள், கீழே போய் முட்டுற வரைக்கும் விடாதீங்க." ஒரு முனகல், பிறகு மெல்ல மெல்ல இறங்கி உள்ளே போனது. முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். வோல்ட் இல்லாததால் பலிக்கவில்லை. அம்மா, மன்னித்துவிடு. மேனுவலை இப்போது முழுக்கப் படித்துவிட்டேன்.

எலக்ட்ரீஷியன் தம்பி வயர் காசும் அரைநாள் கூலியும் மட்டும் வாங்கிக்கொண்டார். அந்தப் பல்பை நான் கேட்டேன், தரவில்லை.

தச்சருக்கு இன்னொரு வார்த்தை: அண்ணே, இழைத்த மூடி இப்போது லொடலொடக்கிறது. ஓரத்துக்கு ஒரு பட்டை வைக்க வேண்டும். கூலியை நீங்களே சொல்லுங்கள், பேரம் பேச மாட்டேன்.

அன்புடன்,
படகின் மூன்றில் ஒரு பங்குக்காரன்